வால்யூம் யார் கையில்?

அமெரிக்கக் கலைஞர் புரூஸ் நௌமன் 1968-இல் ஒரு சிறிய அறையை உருவாக்கினார். வெள்ளைச் சுவர்கள், தொங்கும் ஒற்றை பல்பு, வேறு எதுவும் கிடையாது. ஸ்பீக்கர்கள் சுவருக்குள் மறைத்து வைக்கப்பட்டிருப்பதால் குரல் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது. உள்ளே நுழைபவரிடம் ஓர் ஆண்குரல் திரும்பத் திரும்ப ஒன்றைத்தான் சொல்கிறது: என் மனதை விட்டு வெளியே போ, இந்த அறையை விட்டு வெளியே போ. படைப்பின் தலைப்பும் அதுவே. குரல் நௌமனுடையது. ஒருமுறை சீறுகிறது, ஒருமுறை உறுமுகிறது, ஒருமுறை மூச்சு வாங்கியபடி கெஞ்சுவதுபோல் ஒலிக்கிறது. திட்டுபவர் யார், திட்டு வாங்குபவர் யார் என்பதே கொஞ்ச நேரத்தில் குழம்பிப்போகிறது. தன் மண்டைக்குள் ஓடும் பேச்சோ என்று கேட்பவருக்குத் தோன்றிவிடும். பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லாத அறையில் ஒரு மனிதரை நிலைகுலைய வைக்கலாம் என்று காட்டிய ஆரம்ப காலப் படைப்புகளில் இது முக்கியமானது.

ஆனால் போ என்று சொன்னால் போய்விடலாம். பெரும்பாலானோர் ஓரிரு நிமிடத்தில் போயும் விடுகிறார்கள். இப்படிப்பட்ட அறைகளில் உண்மையாகவே மாட்டிக்கொண்டவர் ஒருவர் உண்டு: வாசலில் நிற்கும் காட்சிக்கூடக் காவலர். அவர் பணிநேரம் முழுக்க அந்தக் குரல் ஓடும். நிறுத்தும் விசை அவரிடம் இருக்காது. ஒலியை வைத்துச் செய்யப்படும் நிறுவல் கலையைப் பற்றி எழுதுகிறவர்கள் ‘பார்வையாளரின் பதற்றம்’ என்பதைப் பற்றியே பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். எனக்கு அந்தக் காவலரின் நிலைதான் இந்தக் கலையின் மையக் கேள்வியாகப் படுகிறது. ஒலியை ஏற்றி இறக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது, வெளியேறும் உரிமை யாருக்கு இருக்கிறது என்று கேட்க வைக்கும் படைப்புகளும் உண்டு. வந்தவரைக் கொஞ்சம் நடுங்க வைத்து அனுப்பிவிடும் படைப்புகளும் உண்டு. இரண்டையும் ஒரே தலைப்பின்கீழ் வைத்துப் பாராட்டுவது விமர்சனச் சோம்பல்.

கண்ணை மூடிக்கொள்ளலாம், முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். காதுக்கு அந்த வசதி இல்லை. தூங்கும்போதும் அது திறந்தே கிடக்கிறது. எதிர்பாராத பெருஞ்சத்தத்துக்கு உடல் துள்ளுவது, என்ன சத்தம் என்று மனம் அடையாளம் காண்பதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது. இமை துடிக்க நொடியில் இருபதில் ஒரு பங்குகூட ஆவதில்லை. கலைஞர்கள் இதைப் பயன்படுத்தத் தொடங்கிய அதே ஆண்டுகளில் அரசுகளும் பயன்படுத்தின. 1971-இல் வட அயர்லாந்தில் விசாரணையின்றிப் பிடிக்கப்பட்டவர்களில் 14 பேரைப் பிரிட்டிஷ் அதிகாரிகள் தனியே கொண்டுபோனார்கள். தலையில் பை மாட்டி, சுவரில் கைவைத்து நிற்க வைத்து, தூக்கமும் உணவும் மறுத்து, இடைவிடாத இரைச்சலைக் கேட்க வைத்தார்கள். இவை ‘ஐந்து உத்திகள்’ என்று பெயர் பெற்றன. உடலில் காயம் தெரியாது என்பதுதான் இவற்றின் வசதி. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1978-இல் இதை மனிதத் தன்மையற்ற, இழிவான நடத்தை என்றது. சித்திரவதை என்று சொல்லத் தயங்கியது. அந்தத் தயக்கத்தின் நிழலில் பின்னாளில் பல நாடுகளின் சிறைகள் பிழைத்துக்கொண்டன.

ஈராக்கிலும் குவாண்டானமோவிலும் கைதிகளைப் பாட்டுப் போட்டே உடைத்த கதைகள் 2003 முதல் வெளிவந்தன. கடுமையான மெட்டல் இசையோடு, அமெரிக்கத் தொலைக்காட்சியின் ஊதா நிற டைனோசர் பார்னியின் குழந்தைப் பாட்டும் அந்தப் பட்டியலில் இருந்தது. அமெரிக்கக் கலைஞர் டோனி கோக்ஸ் இதை எடுத்துக்கொண்டு 2009-க்கும் 2011-க்கும் இடையில் ஒரு வீடியோ செய்தார். அதில் படமே கிடையாது. ஒற்றை நிறத் திரையில், இந்த இசைச் சித்திரவதை பற்றி முஸ்தபா பயூமி எழுதிய கட்டுரையின் வாசகங்கள் ஓடுகின்றன. பின்னணியில் அதே வகைப் பாடல்கள். படித்துக்கொண்டிருக்கும்போதே கால் தாளம் போடத் தொடங்கிவிடுகிறது. தாளம் போடும் காலைக் கவனித்ததும் வருகிற கூச்சம்தான் இந்தப் படைப்பு. கோக்ஸ் யாரையும் மிரட்டவில்லை. சத்தத்தை வதை மட்டத்துக்கு ஏற்றவும் இல்லை. கேட்கத் தாங்கக்கூடிய அளவில் வைத்ததால்தான் யோசிக்க இடம் கிடைக்கிறது.

இதற்கு நேரெதிர், நெஞ்சு அதிரும் அளவுக்குத் தாழ்ந்த அதிர்வுகளை இருட்டறையில் ஓடவிட்டு ‘இயலாமையின் அனுபவம்’ என்று பலகை எழுதி வைக்கும் படைப்புகள். பெரிய கலை விழாக்களில் இப்படி ஒன்றாவது இருக்கும். வரிசையில் நின்று, உள்ளே போய், சிரித்துக்கொண்டே வெளியே வந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். பொருட்காட்சியில் பேய் வீட்டுக்குள் போய் வருவதைவிட இது எந்த வகையில் மேலானது என்று எனக்கு விளங்கியதில்லை. பேய் வீடாவது தன்னைப் பேய் வீடு என்று சொல்லிக்கொள்கிறது.

கனடியக் கலைஞர்களான ஜேனட் கார்டிஃபும் ஜார்ஜ் பியூர்ஸ் மில்லரும் இந்தப் பொறியில் விழாமல் தப்பிய இடம் ஒரு பழைய சிறை. பிலடெல்பியாவின் ஈஸ்டர்ன் ஸ்டேட் சிறைச்சாலை 1829-இல் திறக்கப்பட்டது. தனிமையும் மௌனமும் குற்றவாளியைத் திருத்தும் என்ற குவேக்கர் நம்பிக்கையில் எழுந்த கட்டடம் அது. ஒருவருக்கு ஓர் அறை. அறையை விட்டு வெளியே கொண்டுபோனால் முகத்தை மூடித்தான் கொண்டுபோவார்கள். காலடிச் சத்தம் கேட்கக்கூடாது என்று காவலர்கள் ஷூவுக்கு மேல் உறை மாட்டிக்கொண்டார்கள் என்று சொல்வதுண்டு. 1842-இல் போய்ப் பார்த்த சார்லஸ் டிக்கன்ஸ் இந்த முறையைக் கொடூரம் என்று எழுதினார். கருணையின் பெயரால் கட்டப்பட்ட ஒன்று எப்படி இவ்வளவு கொடியதாக ஆனது என்பதே அவருடைய திகைப்பு. கைதிகள் என்னவோ பேசிக்கொண்டுதான் இருந்தார்கள், குழாய்களிலும் சுவர்களிலும் தட்டித் தட்டி.

1971-இல் மூடப்பட்டுப் பாழடைந்து கிடந்த அந்தச் சிறையின் ஏழாம் பிளாக்கில், 2005-இல் கார்டிஃபும் மில்லரும் ‘பாண்டிமோனியம்’ என்ற நிறுவலை வைத்தார்கள். பதிவு செய்த ஒலி எதுவும் அதில் இல்லை. அறைகளில் கிடந்த இரும்புக் கட்டில், கழிவறைத் தொட்டி, விளக்கின் மூடி, அலமாரி ஆகியவற்றின் மேல் மொத்தம் 120 சிறு தானியங்கித் தட்டுகோல்களைப் பொருத்தினார்கள். கம்ப்யூட்டர் அவற்றை இயக்கியது. முதலில் எங்கோ ஓர் அறையில் ஒரு தட்டு. சற்றுத் தள்ளி ஒரு பதில். பிறகு பத்து, இருபது. இரண்டு அடுக்கு நீளக் கூடம் முழுவதும் சேர்ந்து ஆர்ப்பரிக்கும் நிலைக்குப் போய், ஆட்டமும் கலகமும் ஒன்றாகி, அடங்குகிறது. பேச்சில்லை, கதை சொல்லும் குரலில்லை, அழுகையில்லை. வெறும் தட்டல். நடுக்கூடத்தில் நிற்பவருக்கு இரண்டு பக்கமும் காலி அறைகள். ஒவ்வொன்றிலும் யாரோ இருக்கிறார்கள். கைதிகளிடம் மிச்சமிருந்த ஒரே ஆயுதத்தை மட்டும் கலைஞர்கள் கடன் வாங்கினார்கள். பயம் தானாக வந்தது.

மௌனத்தையே ஆயுதமாக்கிய இன்னொரு சிறைக்கு வருகிறேன். சிரியாவின் தலைநகர் டமாஸ்கஸுக்கு வடக்கே சுமார் 30 கிலோமீட்டரில் இருக்கும் செட்னாயா. 2011 செப்டம்பருக்கும் 2015 டிசம்பருக்கும் இடையில் அங்கே 5,000 முதல் 13,000 பேர் வரை ரகசியமாகத் தூக்கிலிடப்பட்டிருக்கலாம் என்று 2017 பிப்ரவரியில் ஆம்னெஸ்டி இன்டர்நேஷனல் மதிப்பிட்டது. அந்த ஆண்டுகளில் வெளியாட்கள், பத்திரிகையாளர்கள், மனித உரிமைக் குழுக்கள் யாரும் உள்ளே போக முடியவில்லை. உள்ளே எடுத்த படம் ஒன்றுகூட அப்போது இருக்கவில்லை; விண்ணிலிருந்து எடுத்த படத்தில் மூன்று கை விரித்த கட்டடம் ஒன்று தெரிந்தது, அவ்வளவுதான். தப்பி வந்தவர்களும் உள்ளே எதையும் அதிகம் பார்க்கவில்லை. கொண்டுவரும்போது கண்ணைக் கட்டியிருந்தார்கள். அறை இருட்டு. காவலர் வரும் சத்தம் கேட்டால் முகத்தைச் சுவருக்குத் திருப்பிக் கண்ணைக் கையால் மூடிக்கொள்ள வேண்டும். பேசக்கூடாது, பேசினால் உயிர் போகலாம். ஆண்டுக்கணக்கில் அவர்கள் சிறையைக் காதால்தான் அறிந்திருந்தார்கள்.

லண்டனின் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியிலிருந்து இயங்கும் ஃபோரன்சிக் ஆர்க்கிடெக்சர் குழுவும் ஆம்னெஸ்டியும் 2016-இல் இஸ்தான்புல்லில் தப்பியவர்கள் சிலரைச் சந்தித்தன. ஒலி விசாரணையை நடத்தியவர் லாரன்ஸ் அபு ஹம்தான், அம்மானில் 1985-இல் பிறந்த கலைஞர். வேலை நடந்த விதம் இதுதான். சாட்சி ஒருவரிடம் வெவ்வேறு அளவு எதிரொலியோடு ஓர் ஒலியைப் போட்டுக் காட்டுவார்கள். உங்கள் அறை இதுவா, இதைவிடச் சின்னதா, மாடிப்படியில் இப்படித்தான் ஒலித்ததா என்று கேட்பார்கள். எதிரொலி எவ்வளவு நேரம் நீள்கிறது என்பதிலிருந்து இடத்தின் அளவு கிடைக்கும். பூட்டு, தாழ்ப்பாள், இரும்புக் கதவு, காலடி எல்லாவற்றுக்கும் மாதிரி ஒலிகள். இப்படிக் காதின் நினைவிலிருந்து செங்கல் செங்கலாகச் சிறையின் முப்பரிமாண மாதிரி ஒன்று எழுந்தது. எத்தனை வண்டி வந்து நின்றது, எத்தனை பேர் இறக்கப்பட்டார்கள், எந்தத் தளத்தில் யாரை எதனால் அடிக்கிறார்கள் என்பதையெல்லாம் கைதிகள் கேட்டே கணக்கு வைத்திருந்தார்கள்.

விசாரணை அறிக்கையோடு அபு ஹம்தானின் வேலை முடிந்திருக்கலாம். ஆனால் ஒரு விஷயம் அறிக்கையில் அடங்காமல் மிஞ்சியது. கைதிகள் தங்களுக்குள் எவ்வளவு மெல்லப் பேசிக்கொள்ள முடிந்தது? மாதிரி ஒலிகளின் உதவியோடு அந்த மட்டத்தைத் தப்பியவர்களிடமே கேட்டுக் கண்டுபிடித்தார். 2011 எழுச்சிக்கு முன் அங்கே இருந்தவர்களின் முணுமுணுப்பையும் பின் இருந்தவர்களின் முணுமுணுப்பையும் ஒப்பிட்டபோது 19 டெசிபல் குறைவு தெரிந்தது. 2017-இல் ஷார்ஜா பினாலேயில் அவர் வைத்த நிறுவலின் பெயரே ‘செட்னாயா: காணாமல் போன 19 டெசிபல்’. ஒரு மிக்சிங் மேசை, ஒலிப்பதிவு, மிகக் குறைந்த வெளிச்சம். வேறு பெரிய ஏற்பாடில்லை.

அந்தப் பத்தொன்பது என்ன என்பதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், ஏனென்றால் இந்த எண்ணைக் கேட்டதும் சின்ன எண் என்று நினைக்கத் தோன்றும். டெசிபல் என்பது கழித்தல் கணக்கில்லை, வகுத்தல் கணக்கு. பத்து டெசிபல் இறங்கினால் ஒலியின் ஆற்றல் பத்தில் ஒன்றாகிறது, இருபது இறங்கினால் நூறில் ஒன்று. பத்தொன்பது இறங்கினால் ஏறத்தாழ எண்பதில் ஒன்று. காது அதே விகிதத்தில் உணர்வதில்லை; பத்து டெசிபல் குறைவு அதற்குப் பாதியானதுபோல் இருக்கும். ஆக, 2011-க்குப் பின் வந்த கைதியின் முணுமுணுப்பு, முன்னிருந்தவரின் முணுமுணுப்பில் கால் பங்கு. முணுமுணுப்பு என்பதே குரலின் அடிமட்டம். அதற்குக் கீழே இன்னும் நான்கில் ஒரு பங்கு. சிறை அரசியல் கைதிகளின் தடுப்புக் கூடமாக இருந்து கொலைக்களமாக மாறியதை ஆவணங்கள் மறைத்துவிடலாம், தொண்டை மறைக்கவில்லை. பயத்தை அளந்து எண்ணாக்கிய கலைப்படைப்பு இதைப்போல் இன்னொன்று எனக்குத் தெரிந்து இல்லை. இதில் பார்வையாளரை யாரும் பயமுறுத்துவதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அவர் காதைக் கூர்மையாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அவ்வளவுதான் அவரிடம் கேட்கப்படுவது.

இந்தச் சாட்சியங்களிலிருந்தும் உலகின் வேறு வழக்குகளிலிருந்தும் 2018-இல் லண்டனின் சிசன்ஹேல் கேலரியில் அவர் 95 பொருள்களை வரிசைப்படுத்தினார். கதவுகள், செருப்புகள், தட்டுகள், பாப்கார்ன் எந்திரம் என்று பார்த்தால் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத சாமான்கள். ஒலியை விவரிக்க மனிதர்களிடம் சொற்கள் குறைவு. சாட்சி சொல்ல வருபவர் வேறொரு பொருளின் சத்தத்தைத்தான் சொல்லுவார். கட்டடம் இடிந்தது பாப்கார்ன் பொரிவதுபோல் இருந்தது என்பார் ஒருவர். துப்பாக்கிச் சத்தம் தட்டுகள் அடுக்கிய ராக்கைக் கீழே போட்டதுபோல் இருந்தது என்பார் இன்னொருவர். சினிமாவுக்குச் சத்தம் சேர்ப்பவர்கள் ஸ்டூடியோவில் இதே வேலையைத் தலைகீழாகச் செய்கிறார்கள். நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணை இந்த உவமைகளைத்தான் முதலில் கிழிக்கும். அபு ஹம்தான் அவற்றைக் கிழிக்காமல், உவமைக்குள் என்ன தகவல் இருக்கிறது என்று தேடுகிறார்.

இங்கே ஒரு கேள்வி எழத்தான் செய்யும். செத்தவர்களின் கதையைக் காட்சிக்கூடத்தில் வைத்து, மது பரிமாறும் தொடக்க விழாவில் கேட்பது நியாயமா? 2019-இல் டர்னர் பரிசின் இறுதிப் பட்டியலில் இருந்த நால்வரில் அவரும் ஒருவர். நால்வரும் சேர்ந்து கேட்டுக்கொண்டதால் பரிசு நால்வருக்கும் பொதுவாகப் போனது. பரிசும் சந்தையும் இந்த வகைக் கலையைச் சூழ்ந்திருக்கின்றன என்பதை மறுக்க முடியாது. ஆனால் இவருடைய இன்னொரு படைப்பு இந்தக் கேள்விக்குத் தன் வழியில் பதில் வைத்திருக்கிறது. 2014 மே 15 அன்று மேற்குக் கரையின் பெய்துனியாவில் பாலஸ்தீனப் பதின்வயதினர் இருவர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். ரப்பர் குண்டுதான் சுட்டோம் என்றது இஸ்ரேல் தரப்பு. துப்பாக்கிச் சத்தத்தின் அலைவடிவத்தை ஆராய்ந்த அபு ஹம்தான், ரப்பர் குண்டுபோல் ஒலிக்குமாறு உண்மைக் குண்டு சுடப்பட்டதைக் காட்டினார். பின்னர் எல்லைக் காவலர் ஒருவருக்குத் தண்டனை கிடைத்தது. இதே ஆய்விலிருந்து 2016-இல் அவர் செய்த ‘ரப்பர் கோட்டட் ஸ்டீல்’ வீடியோவில் வழக்கே அந்தத் துப்பாக்கிச் சத்தத்தைப் பற்றியது. ஆனால் அந்தச் சத்தம் ஒருமுறைகூட ஒலிப்பதில்லை. அலைவடிவப் படங்கள் மட்டும் வந்து போகின்றன. விளைவுக்காக அதைப் போட்டிருந்தால் அரங்கம் துள்ளியிருக்கும். போடவில்லை.

ஸ்காட்லாந்தின் சூசன் பிலிப்ஸ் 2012-இல் ஜெர்மனியின் காசல் நகரில், டாக்குமென்டா 13 கண்காட்சிக்காகச் செய்ததும் விடுபடலின் கலைதான். நாஜிகளின் தெரேசியன்ஸ்டாட் முகாமில் அடைபட்டிருந்த செக் இசையமைப்பாளர் பாவெல் ஹாஸ் 1943-இல் தந்தி இசைக்குழுவுக்காக ஒரு படைப்பு எழுதினார். முகாமில் எல்லாம் நலம் என்று காட்ட எடுக்கப்பட்ட பிரசாரப் படத்தில் அது வாசிக்கப்பட்டது. படப்பிடிப்பு முடிந்த சில வாரங்களில் ஹாஸும் வாசித்தவர்களில் பெரும்பாலோரும் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பிக் கொல்லப்பட்டார்கள். பிழைத்த நடத்துநர் கரேல் ஆன்செர்ல் போருக்குப் பின் இசைத்தாள்களைத் தேடியெடுத்து, கிடைக்காத பகுதியை மீட்டமைத்தார். பிலிப்ஸ் அந்த முழு இசையிலிருந்து ஒரு செல்லோ, ஒரு வயோலா ஆகியவற்றின் பகுதிகளை மட்டும் பதிவு செய்து, யூதர்கள் ரயிலேற்றப்பட்ட காசல் நிலையத்தின் நடைமேடைக் கோடியில் ஒலிக்க விட்டார். நடுநடுவே நீண்ட இடைவெளி விழும். மற்றக் கருவிகள் வாசிக்க வேண்டிய இடம் அது. அதற்குள் ஒரு ரயில் வரும், அறிவிப்பு ஒலிக்கும், யாரோ பெட்டியை உருட்டிப் போவார்கள்.

இந்தியக் கலைஞர் ஷில்பா குப்தாவின் படைப்பைத் தமிழ் வாசகர்கள் பலர் நேரிலேயே கேட்டிருக்கக்கூடும். 2018 டிசம்பரில் தொடங்கிய கொச்சி-முசிரிஸ் பினாலேயில் அது இருந்தது, மறு ஆண்டு வெனிஸுக்கும் போனது. இருட்டான கூடம். தரையிலிருந்து எழும் 100 இரும்புக் கம்பிகள். ஒவ்வொன்றின் முனையும் ஒரு தாளைக் குத்தி நிற்கிறது. தாளில் கவிதை வரி. ஒவ்வொரு தாளுக்கும் மேலே கூரையிலிருந்து ஒரு மைக் தொங்குகிறது. எட்டாம் நூற்றாண்டிலிருந்து இன்றுவரை, எழுதியதற்காகவோ நிலைப்பாட்டுக்காகவோ சிறைப்பட்ட நூறு கவிஞர்களின் வரிகள் அவை. அரபு, அஜர்பைஜானி, ரஷ்யன், ஸ்பானிஷ், இந்தி, ஆங்கிலம் எனப் பல மொழிகளில் ஒலிக்கின்றன. ஒரு மைக் ஒரு வரியைச் சொல்லும். சுற்றியுள்ள மற்றவை அதை வாங்கித் திருப்பிச் சொல்லும். படைப்பின் தலைப்பு, அஜர்பைஜான் கவிஞர் நசீமியை நினைவூட்டுவது. பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இன்றைய சிரியாவின் அலெப்போவில் தோலுரித்துக் கொல்லப்பட்டவர் அவர்.

குப்தா மைக்குக்குள் செய்திருக்கும் மாற்றம் சிறியது. மைக்கும் ஸ்பீக்கரும் அடிப்படையில் ஒரே வேலையை எதிரெதிர்த் திசையில் செய்யும் கருவிகள். மின்னிணைப்பைத் திருப்பினால் மைக் பேசத் தொடங்கிவிடும். முன்பும் அவர் ஆயிரக்கணக்கான மைக்குகளை ஒரு கருமேகமாகத் தொங்கவிட்டு இதையே செய்திருக்கிறார். நம் ஊரில் மைக் என்பது மேடையில் இருப்பவரின் சொத்து. அது கைக்கு வந்தவர் பேசுவார், மற்றவர் கேட்பார். மைக்கைப் பிடுங்குவதுதான் கூட்டத்தில் நடக்கும் பெரிய அவமதிப்பு. பேச்சு பறிக்கப்பட்டவர்களின் வரியை அந்தக் கருவியின் வழியே, அதன் திசையைத் திருப்பி, வரவைப்பது மேடைப் பேச்சின் நாட்டில் பிறந்தவருக்கே தோன்றும் யோசனை. எனக்கு ஒரு குறையும் உண்டு. கம்பி குத்திய தாள்கள் பார்க்க அழகாக இருக்கின்றன, கொஞ்சம் அதிகமாகவே. படமெடுப்பவர்களின் கூட்டத்தில் அவ்வப்போது வரி காதில் விழாமல் போகிறது. ஒலி பேச வேண்டிய இடத்தில் காட்சி முந்திக்கொள்வது இந்தக் கலையின் தொழில்நோய்.

அபு ஹம்தான் 2022-இல் செய்ததில் காட்சிக்கூடமே தேவைப்படவில்லை. லெபனான் வானில் இஸ்ரேலிய விமானங்கள் அத்துமீறிப் பறந்ததாக அந்த நாடு ஐ.நா. பாதுகாப்பு சபைக்கு எழுதிய கடிதங்கள் ஆண்டுக்கணக்கில் சேர்ந்திருந்தன. 2007 முதல் 15 ஆண்டுகளுக்கான கடிதங்களைத் திரட்டி ஒரே இடத்தில் வைத்தார். போர் விமானம், ஆளில்லா விமானம் எல்லாம் சேர்த்து 22,000-க்கும் மேல். அவை வானில் இருந்த நேரத்தைக் கூட்டினால் எட்டரை ஆண்டுகள். பெரும்பாலான நாள்களில் குண்டு விழவில்லை. சத்தம் மட்டும் விழுந்தது. குண்டு விழாத நாளுக்குக் கணக்கு எழுதுபவர் யாரும் இல்லை என்பதால் இந்தச் சத்தம் தாக்குதலாகப் பதிவாகவே இல்லை. இரத்த அழுத்தத்தையும் தூக்கத்தையும் வானிரைச்சல் எப்படிக் கெடுக்கும் என்பதற்கு விமான நிலையங்களுக்கு அருகே வாழ்வோரிடம் நடந்த ஆய்வுகள் ஏராளம். அங்கே இருக்கும் விமானம் கொல்ல வருவதில்லை.

ஈழத்தில் போர்க்காலத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கிபிர் போர் விமானம் வரும் ஒலிக்கும் ஹெலி வரும் ஒலிக்கும் உள்ள வித்தியாசம், ஷெல் புறப்படும் சத்தத்துக்கும் விழும் சத்தத்துக்கும் நடுவே பங்கருக்குள் இறங்கக் கிடைக்கும் நொடிகள், இவையெல்லாம் அங்கே குழந்தைகளும் அறிந்திருந்த கல்வி. போர் முடிந்து வெளிநாட்டுக்குப் போனபின்னும் பட்டாசுக்கோ தாழப் பறக்கும் விமானத்துக்கோ உடல் கூனிக் குறுகுவதைப் பலர் எழுதியிருக்கிறார்கள். இந்தக் கேள்வியறிவு புனைவிலும் நினைவுக் குறிப்புகளிலும் இருக்கிறது. ஒலி ஆவணமாக, அளந்து பதிவு செய்த சாட்சியமாக அதைத் திரட்டும் வேலை பெரிதாக நடக்க வேண்டியிருக்கிறது. செட்னாயாவில் பயன்பட்ட முறை அதற்கு அந்நியமானதல்ல; ஆனால் சாட்சிகளுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது.

பதற்றத்துக்கு மருந்தாகவும் கேட்டலை முன்வைத்தவர்கள் உண்டு. அமெரிக்க இசையமைப்பாளர் பாலின் ஆலிவரோஸ் அவர்களில் முதன்மையானவர். சான் டியாகோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் அவர் கற்பித்துக்கொண்டிருந்தபோது, 1970 மே மாதத்தில் வியட்நாம் போரை எதிர்த்து மாணவர் ஒருவர் வளாகத்திலேயே தீக்குளித்தார். ஆலிவரோஸ் மேடைக் கச்சேரியிலிருந்து விலகி, ஒரே சுரத்தை நீண்ட நேரம் பிடித்துக் கேட்பதில் இறங்கினார். அதிலிருந்து ‘சோனிக் மெடிடேஷன்ஸ்’ பயிற்சிகள் பிறந்தன. 1988-இல் வாஷிங்டன் மாநிலத்தின் ஃபோர்ட் வோர்டனில், நிலத்தடியில் வற்றிக் கிடந்த பிரம்மாண்டமான தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கி நண்பர்களோடு வாசித்துப் பதிவு செய்தார். அங்கே எழுப்பிய ஒலி அடங்க 45 நொடி ஆகும். இன்று அவர் பெயரால் நடக்கும் பல வகுப்புகள் அலுவலக மன அழுத்தத்துக்கான வாரயிறுதிப் பொட்டலமாகிவிட்டன. தீயில் எரிந்த மாணவரின் சுவடு அவற்றில் இல்லை. அது இல்லாமல் கேட்டல் வெறும் ஓய்வுதான்.

இத்தனை பேச்சும் காது கேட்கும் என்ற அனுமானத்தில் நடக்கிறது. கலிபோர்னியாவில் 1980-இல் பிறந்த கிறிஸ்டீன் சன் கிம் பிறவியிலேயே காது கேளாதவர். ஒலியை நடத்துவது எப்படி என்பதைக் கேட்பவர்களைப் பார்த்துப் பார்த்தே கற்றவர்: கதவை மெல்லச் சாத்து, நாற்காலியை இழுக்காதே, சாப்பிடும்போது சத்தம் போடாதே. தான் கேட்கவே முடியாத ஒன்றின் சட்டதிட்டங்களுக்கு வாழ்நாளெல்லாம் கட்டுப்பட்டிருக்கும் நிலை அது. 2018-இல் அவர் கரிக்கோலால் சில கோண வரைபடங்கள் வரைந்தார். பள்ளி வடிவியலில் வரும் குறுங்கோணம், செங்கோணம், விரிகோணம்தான். ஒவ்வொன்றும் அவருடைய கோபத்தின் ஒரு பாகை. கலையுலகம் தொடர்பான வரைபடத்தில், சைகைமொழி பெயர்ப்பாளருக்கான கூலியைத் தன் கூலியிலிருந்து பங்குபோடச் சொல்லும் காட்சியமைப்பாளர்களும், காது கேளாதவர்களுக்கென்று ஒரு நிகழ்ச்சிகூட வைக்காத அருங்காட்சியகங்களும் தங்கள் தங்கள் கோணத்தில் இடம் பிடித்தார்கள். நகைச்சுவை போலத் தெரியும் படங்கள். கொஞ்ச நேரம் நின்று படித்தால் சிரிப்பு நின்றுவிடும்.

அவை 2019-இல் நியூயார்க்கின் விட்னி பினாலேயில் தொங்கின. அதே கண்காட்சியில் ஃபோரன்சிக் ஆர்க்கிடெக்சரும் இருந்தது. அவர்கள் வைத்திருந்த வீடியோ, விட்னி அறங்காவலர் குழுவின் துணைத் தலைவர் வாரன் கேண்டர்ஸின் நிறுவனமான சஃபாரிலேண்டோடு தொடர்புடைய கண்ணீர்ப்புகைக் குண்டுகள் உலகில் எங்கெங்கே வீசப்பட்டன என்று தேடுவது. ஜூலையில் கிம், ஃபோரன்சிக் ஆர்க்கிடெக்சர் உள்பட எட்டுத் தரப்பினர் தங்கள் படைப்புகளை அகற்றுமாறு அருங்காட்சியகத்துக்கு எழுதினார்கள். 25-ஆம் தேதி கேண்டர்ஸ் பதவி விலகினார். படைப்புகள் கண்காட்சியிலேயே தொடர்ந்தன.